குதிகாலத்தில் ஒரு புண்

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்பார்கள். அந்தக் கணக்கில் நான் ஏணி வீட்டம்மா. கல்யாணத்தன்று புகைப்படக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்து, முடியாமல், என்னை முழுசாகவும் அவரைத் தாடை வரைக்கும் எடுத்துக் கொடுத்தார். தாடைக்கு மேலே யார் இருந்தார் என்று படம் பார்க்கிறவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஒன்பது வருஷம் ஆடியவர். கூடைப்பந்து என்பது ஓட்டைக் கூடையில் பந்தைப் போடுகிற வேலை. போட்ட பந்து மறுநொடியே கீழே விழுந்துவிடும். திரும்ப எடுத்துப் போட வேண்டும். அடி உள்ள கூடையாக ஒன்று வாங்கி மாட்டினால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடுமே என்று புதுப்பெண்ணாக இருந்தபோது அவரிடம் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. சலவைக் கடையில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற என் வேலையைப் பற்றி அவரும் வாய் திறப்பதில்லை. குடும்பம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய இடது குதிகாலில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடி என்று நினைத்து மருந்து தடவினோம். அது ஆறுகிற வழியாக இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா இரண்டு கால்களிலும் பட்டை சுற்றி, காற்றடித்து, காது வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இடது காலுக்கு ரத்தமே சரியா போகலம்மா. நடுவுல அடைச்சிருக்கு. அடைப்பை எடுத்துட்டா புண்ணு தானா ஆறிடும். தள்ளிப்போட்டா கறுக்க ஆரம்பிச்சிடும். கறுப்பு மேல ஏற ஏற நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

அந்த அடைப்பு எடுக்கும் வசதி லீக்கின் சொந்த மருத்துவமனையில்தான் இருந்தது. நலப்பிரிவு ஒப்புதல் கொடுத்தால் முன்னாள் வீரர்களுக்கு அங்கே செய்வார்கள். வெளியே வேறு ஊரில் செய்துகொள்ள எங்கள் வீட்டை விற்றாலும் போதாது, தவிர அது வாடகை வீடு. டாக்டரம்மா இரண்டு கால்களையும் ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். தலைப்பு: கால் ஒப்பீட்டு அறிக்கை. கீழே, குதிகால்: ஆறாத புண். கணுக்கால்: நாடி மெலிவு. கெண்டைக்கால்: வற்றல். முழங்கால்: நன்று. கடைசியில், வலது கால் பலம், இடது கால் பலவீனம், உடனே கவனிக்கவும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

லீக்கின் தலைமையகத்தில் கதவுகள் எல்லாம் இரண்டு ஆள் உயரம். உயரமானவர்களுக்காகக் கட்டிய கட்டடம் என்று உள்ளே நுழையும்போது பெருமையாக இருக்கும். நலப்பிரிவின் ஜன்னல் மட்டும் என் இடுப்பளவில் இருந்தது. முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவரும் இரண்டாக மடிந்துதான் உள்ளே இருக்கிற எழுத்தரின் முகத்தைப் பார்க்க முடியும். என் வீட்டுக்காரர் மூன்றாக மடிந்தார்.

எழுத்தர் நல்ல மனிதர். "காகிதத்தை அப்படியே அனுப்ப முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்று சொல்லி, ஒற்றை விரலால் முழு அறிக்கையையும் அடித்து ஏற்றினார். "அவ்வளவுதான். இனிமே தானா நகரும்" என்றார். நகரத்தான் செய்தது. எங்கே நகர்ந்தது என்பதுதான் கதை.

ஒரு வாரம் கழித்து நான்காவது மாடிக்கு வரச்சொல்லி போன் வந்தது. நான் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக் கூட்டிப்போனேன். மருத்துவர்கள் இருப்பார்கள் என்று நினைத்தோம். நீளமான மேஜை, சுற்றிலும் கோட்டு போட்ட பெரியவர்கள். கதவில் 'கால ஒப்பீட்டு வாரியம்' என்று பித்தளையில் எழுதியிருந்தது. நான் கவனமாகப் படிக்கவில்லை. காலைப் பார்க்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று உள்ளே போய்விட்டேன்.

நடுவில் தலைவர். அவர் கூடைப்பந்து ஆடியவர் அல்ல. மைதானங்களுக்கு நாற்காலி சப்ளை செய்து மேலே வந்தவர். பக்கத்தில் ஒரு புள்ளியியல் நிபுணர். மற்றவர்கள் தலையாட்டுவதற்கு.

"வாங்க, வாங்க" என்று தலைவரே எழுந்து கைகொடுத்தார். "இந்த லீக்ல எல்லாச் சண்டைக்கும் ஒரே மூலம்தான். எந்தக் காலத்து ஆட்டம் வலுவானது? அந்தக் காலத்து ஆளுங்க இந்தக் காலத்துல ஆடினா நிப்பாங்களா, இந்தக் காலத்துப் பசங்க அந்தக் காலத்து அடியைத் தாங்குவாங்களா? இதை முடிவு பண்ணத்தான் எங்களை உக்கார வச்சிருக்காங்க. பல வருஷமா உக்காந்திருக்கோம். ஒரு முடிவும் எடுத்ததில்ல. எடுத்துட்டா எழுந்திரிக்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைத்தோம்.

"உங்க அறிக்கை எங்க கண்ணைத் திறந்துடுச்சு. நாங்க பழைய காலம், புதுக் காலம்னு ரெண்டாத்தான் வெட்டிக்கிட்டு இருந்தோம். நீங்க நாலா பிரிச்சிட்டீங்க. குதிகாலம், கணுக்காலம், கெண்டைக்காலம், முழங்காலம். அடடா!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பெரிய இடத்தில் காலைக் காலம் என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. எங்கள் கடை முதலாளிகூட அழுக்குத் துணியை அழுக்கு என்று சொல்லமாட்டார், 'சரக்கு' என்பார்.

நிபுணர் எழுந்து விளக்கினார். "குதிகாலம்னா குதிச்சுக் குதிச்சு ஆடின காலம். மூணு புள்ளிக் கோடு வர்றதுக்கு முந்தி. தூரத்துல இருந்து எறிஞ்சா லாபம் இல்ல, கூடைக்குக் கீழ போய்க் குதிச்சாகணும். ஏணி சார் ஆடினது அப்பதான். கணுக்காலம்னா மூங்கில்ல கணு மாதிரி, ரெண்டு காலத்துக்கு நடுவுல ஒரு முடிச்சு. முழங்காலம் இப்ப நடக்கிறது. ரசிகர்கள் முழங்குறாங்க, ஆடறவங்களும் ஒவ்வொரு பந்துக்கும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு முழங்குறாங்க."

"கெண்டைக்காலம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்குத் துணைக்குழு போட்டிருக்கோம்மா. மீனோட ஏதாவது சம்பந்தம் இருக்கான்னு பாக்கறாங்க."

தலைவர் பேனாவைத் திறந்தார். "குதிகாலம், ஆறாத புண்ணுன்னு போட்டிருக்கீங்க. அந்தப் புண்ணைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"எரியுது சார்" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல."

"குதிகால வீரர்களுக்குத் தூக்கமில்லை" என்று தலைவர் சொல்லிக்கொண்டே எழுதினார். "எதனால வந்துச்சு?"

"செருப்புக் கடிச்சது சார்."

அறையில் பரபரப்பு உண்டாகிவிட்டது. தலைவர் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? செருப்புக் கம்பெனிக்காரங்க விளம்பரத்தோட உள்ள வந்த அன்னைக்கே ஆட்டம் கெட்டுப்போச்சுன்னு நான் தலையால அடிச்சுக்கறேன். அந்தக் காலத்து வீரரே சொல்லிட்டார்!"

"சார், ஆபரேஷன் எப்ப?" என்றேன்.

"ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சும்மா. கவலைப்படாதீங்க."

நிபுணர் அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓடவிட்டார். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி பதினான்கு புள்ளி எடுத்திருக்கிறார். அன்றைக்குத் தடுத்து ஆடியவர்களில் பாதிப்பேர் பகலில் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர்கள் என்பதால் அதில் கொஞ்சம் கழித்தார். அன்றைக்குக் கையால் பிடித்துத் தள்ளித் தடுக்கலாம் என்பதால் கொஞ்சம் கூட்டினார். கடைசியில், இன்றைய மதிப்பில் ஒன்பதரை என்று முடித்தார். "ஏணி சாரை அப்படியே தூக்கி இந்தக் காலத்துல கொண்டுவந்து விட்டா என்ன ஆகும்கிறதுதான் இப்ப கேள்வி" என்றார்.

"இந்தக் காலத்துலதானே சார் இருக்காரு" என்றேன். "உங்க எதிர்லதான் உக்காந்திருக்காரு."

தலைவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "அம்மா, அவர் இந்தக் காலத்துல இருக்கார். ஆனா இந்தக் காலத்து ஆள் இல்ல. அந்த நுணுக்கம் உங்களுக்குப் போகப் போகப் புரியும்."

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வழுக்கும் மரத்தரை, மழை ஒழுகிய கூரை, மூக்கு உடைந்த பிறகும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடியது. கோட்டு போட்டவர்கள் குறிப்பெடுத்தார்கள். கீழே இறங்கி வரும்போது அவர் நொண்டக்கூட இல்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிட்டையர் ஆனதுல இருந்து ஒருத்தன் கேக்கலம்மா. நீ எப்படி ஆடின, யாரோட ஆடினன்னு ஒருத்தன் கேக்கல" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாவது அமர்வு, மூன்றாவது அமர்வு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் குதிகால் கறுத்தது. டாக்டரம்மா புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, "இன்னும் ஒப்புதல் வரலையா? அங்க என்னதான் பண்றாங்க?" என்று என்னைச் சத்தம் போட்டார். நான் கடையிலிருந்து நேராக நலப்பிரிவு ஜன்னலுக்குப் போனேன். எழுத்தர் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கால ஒப்பீட்டு அறிக்கை. குதிகால: ஆறாத புண். கணுக்கால: நாடி மெலிவு. முழங்கால: நன்று. வலது கால பலம். இடது கால பலவீனம்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு 'ல்'லுக்கும் புள்ளி இல்லை.

"ஐயா, இது கால்யா! நடக்கிற கால்! புள்ளியைக் காணோமே!"

அவரும் எட்டிப் பார்த்தார். "ஆமா. கம்ப்யூட்டர் திருத்தியிருக்கும். அதுக்குக் கால்னா தெரியாதும்மா, காலம்தான் தெரியும். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் யாரும் கால்னு அடிச்சதே இல்ல."

"காலால ஓடி ஆடறவங்களோட ஆபீஸ்ல கால்னு அடிச்சதே இல்லையா?"

"என்னம்மா பண்றது? வர்றதெல்லாம் அந்தக் காலமா இந்தக் காலமாங்கிற பஞ்சாயத்துதான்."

"ஒரு புள்ளிதானேய்யா. வச்சு விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புள்ளி வைக்கிற அதிகாரம் எனக்கில்லம்மா. புள்ளி சம்பந்தப்பட்டது எல்லாமே நிபுணர்தான்."

மேலே ஓடினேன். நிபுணர் தனியாகத்தான் இருந்தார். மூச்சு வாங்க, ஒரே ஒரு புள்ளி விட்டுப்போச்சு சார், அதைச் சேர்த்துக் கொடுங்க என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. அந்த இறுதி ஆட்டத்துல உங்க வீட்டுக்காரர் அணி ஒரே ஒரு புள்ளியிலதான் தோத்துது. நானும் பாத்தேன், மனசு ஆறலை. அதுக்காக இத்தனை வருஷம் கழிச்சு வந்து ஒரு புள்ளி கேட்டா எப்படி? இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு கொடுத்தா நாளைக்கு ஜன்னல்ல எத்தனை பேர் வந்து நிப்பாங்க?"

"நான் கேக்கறது அந்தப் புள்ளி இல்ல சார், எழுத்துமேல வைக்கிறது!"

"எதுமேல வச்சாலும் புள்ளி புள்ளிதானம்மா" என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்தது. அவமானமாகவும் இருந்தது. அந்த ஆளின் மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து நசுக்கிவிட்டு வரலாமா என்றும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் அல்லது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டாவது நாளே தெரியும்" என்றார்.

"என்னது?"

"அவங்க கேக்கற கேள்வியில இருந்தே தெரிஞ்சுது. கொஞ்சம் பொறும்மா. குதிகாலத்தைப் பத்தி இன்னும் ஒரு அமர்வுதான் பாக்கி. அதை மட்டும் சொல்லி முடிச்சுடறேன். செத்துப்போனவங்கல்லாம் இருக்காங்க, அவங்களைப் பத்திச் சொல்ல வேற யாரும் இல்ல."

"கால் அழுகிக்கிட்டு இருக்குங்க!"

"தெரியும்."

"செத்துப்போனவங்களுக்குக் கால் வேணாம். உங்களுக்கு வேணும். என்னால உங்களைத் தூக்கிச் சுமக்க முடியுமா? என் உயரம் என்ன, உங்க உயரம் என்ன? பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவா?"

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஓட்டைக் கூடை என்று சொன்னேன். உங்களையும் உங்கள் காலத்தையும் வெளியே தெருவில் ஒரு நாய்கூடச் சீந்தாது, அதனால்தான் அந்தக் கோட்டுக்காரர்கள் காலடியில் போய் விழுகிறீர்கள் என்றேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த அமர்வுக்கு நானும் வருவேன், எல்லோர் முன்னாலும் சொல்லி உடைப்பேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இதற்குள் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. வாரியத்தின் நான்கு காலங்களும் டிவியில் வந்தன. பஸ்ஸில் ஒருவன் முழங்காலத்துக்கு ஈடே இல்லை என்றான். இன்னொருவன் போடா, குதிகாலத்து ஆட்களின் கால்தூசிக்கு வருவானா இவன் என்றான். கால்தூசி என்று அவன் சரியாகச் சொன்னபோது அவனைக் கட்டிப்பிடித்து அழலாம்போல இருந்தது. இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தி அவர்களை விலக்கிவிட்டு, தன் பங்குக்குக் கணுக்காலம்தான் சிறந்தது என்று சொன்னார்.

அடுத்த அமர்வை உள்ளரங்க மைதானத்தில் வைத்திருந்தார்கள். சுவரில் 'காலங்களின் நேரடி ஒப்பீடு' என்று பதாகை. குதிகாலத்தின் சார்பில் என் வீட்டுக்காரர் குதிக்க வேண்டும். முழங்காலத்தின் சார்பில் இப்போது ஆடுகிற இளம் வீரர் ஒருவர் முழங்க வேண்டும். குதியை அங்குலத்திலும் முழக்கத்தை ஒரு சத்தமானியிலும் அளந்து இரண்டையும் ஒப்பிட நிபுணர் ஒரு சூத்திரம் தயார்செய்து வைத்திருந்தார்.

இளம் வீரர்தான் முதலில். அவர் சங்கடமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, மைக்கின் முன் நின்று "ஆ" என்றார். "இன்னும்! ஆட்டத்துல கத்தற மாதிரி!" என்றார் நிபுணர். இன்னொரு தடவை கத்தினார். குறித்துக்கொண்டார்கள்.

"சார், இவர் குதிக்கக் கூடாது!" என்று நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. அது காலம் இல்ல..."

"அம்மா, ஆட்டக்காரர் பேசட்டும்" என்றார் தலைவர்.

ஆட்டக்காரர் மேலே இருந்த கூடையைப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். இரண்டடி பின்னால் போய், ஓடி வந்து குதித்தார். அந்த வயதில், அந்தக் காலோடு, அவர் கை வலையின் நுனியைத் தொட்டுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே மெய்சிலிர்த்தது. இறங்கியவர் இடது குதிகாலில் இறங்கினார். அவர் போட்ட சத்தம் சத்தமானியில் முழங்காலத்தைத் தாண்டிவிட்டது.

ஓடிப்போய் அவர் ஷூவைக் கழற்றினேன். ரத்தமும் சீழும் காலுறையில் ஊறியிருந்தன. அதையும் உரித்து, கறுத்துப்போன அந்தப் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்கய்யா! இதுதான் குதிகால்! இதுதான் புண்ணு! கணுக்கால் இங்க இருக்கு, கெண்டைக்கால் இது, மீனும் இல்ல, மண்ணும் இல்ல! இதுக்குத்தான் ஒப்புதல் கேட்டேன்! காலம் இல்லய்யா, கால்! கால்! கால்!"

தலைவர் மெல்ல எழுந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

"இந்த வாரியத்துல எத்தனையோ சாட்சியம் கேட்டிருக்கேன்" என்றார் மைக்கில். "எண்களைக் கொண்டுவந்தாங்க. படம் போட்டுக் காட்டினாங்க. ஆனா ஒரு காலத்தோட வலியை இப்படி மடியில தூக்கி வச்சு யாரும் காட்டினதில்ல. ஒரு சாதாரணக் குடும்பப் பெண் நமக்கு ஒரு உருவகம் கொடுத்திருக்காங்க. காலம் ஒரு கால்! என்ன ஒரு கற்பனை! அது நடக்குது, ஓடுது, குதிக்குது, புண்ணாகுது. இதைவிட வாரியத்துக்கு என்ன வேணும்? நான் இதைப் பாத்து அழறேன்னா, அது பலவீனம் இல்ல. அதுக்குத்தான் எனக்கு அமர்வுப்படி கொடுக்கறாங்க."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வலியில் கண் சொருகிக் கிடந்தபடியே அந்தக் கைதட்டலுக்குத் தலையசைத்தார். நான் அவரை அடிக்கப் போனேன். கை வரவில்லை.

முழங்கிய அந்த இளம் வீரர் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அக்கா, இது நெஜப் புண்ணுக்கா" என்றார் ரகசியம்போல. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்." அவரே தூக்கி, தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டடத்தில் கால் என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

டாக்டரம்மா இந்தத் தடவை என்னைச் சத்தம் போடவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கணுக்கால் போயிடுச்சும்மா. கெண்டைக்காலும் பாதி போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ இருக்கிறதை எடுத்தாத்தான் மேல இருக்கிறது பிழைக்கும்."

"அடைப்பு எடுக்கிற ஆபரேஷன்?"

"அதுக்கெல்லாம் நேரம் தாண்டிப்போச்சு."

சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அவரிடம் கேட்டுத்தான் போட்டேன். "போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கொண்டுபோனபோது அவருடைய இரண்டு பாதங்களும் எப்போதும்போலக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் வாசல் வரைக்கும் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது சில்லென்று இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தலைவர் வந்தார். கையில் பூங்கொத்து. பின்னால் நிபுணரும் ஒரு புகைப்படக்காரரும்.

"நல்ல சேதிம்மா. வரலாற்றுலயே முதல் தடவையா வாரியம் ஒரு முடிவு எடுத்திருக்கு. அந்த நேரடி ஒப்பீட்டுக்கு அப்புறம் எங்களால சும்மா இருக்க முடியல. எல்லாம் உங்க சாட்சியத்தோட மகிமை."

நான் ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலம் ஒரு கால்னு நீங்க சொன்னதை வச்சே யோசிச்சோம். குதிகாலம் புண்ணாயிடுச்சு. கணுக்காலம் நாடி இல்ல. கெண்டைக்காலம் வற்றிப்போச்சு, துணைக்குழுவும் கைவிரிச்சுட்டாங்க. உங்க அறிக்கையிலயே முழங்காலம் மட்டும்தான் நன்றுன்னு இருக்கு. அதனால முழங்காலத்துக்குக் கீழ இருக்கிறதை எல்லாம் ரெக்கார்டுல இருந்து எடுத்துடறோம். கீழ இருக்கிறதை எடுத்தாத்தானேம்மா மேல இருக்கிறது பிழைக்கும்?"

அதே வாசகம். அரைமணி நேரத்துக்குள் இரண்டாவது தடவையாக அதைக் கேட்கிறேன். முதல் தடவை சொன்னவர் சொல்லும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இவர் ஆடின ஒன்பது வருஷம்?" என்றேன்.

"அப்படி ஒண்ணு இனிமே நடக்கலம்மா" என்றார் நிபுணர்.

"மூக்கு உடைஞ்சது? பஞ்சு அடைச்சுக்கிட்டு ஆடினது? செத்துப்போனவங்க?"

"எல்லாமே கீழதானம்மா வருது."

"செயற்கைக் கால் வைக்கணும். நலப்பிரிவுல அதுக்காவது..."

தலைவர் பூங்கொத்தை என் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "நலப்பிரிவு லீக்ல ஆடினவங்களுக்குத்தானேம்மா. இவர் ஆடினதா இப்ப எங்கயும் இல்லையே. விதியைத் தாண்டி நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

புகைப்படக்காரர் என்னைக் கொஞ்சம் நிமிரச் சொன்னார். நான் நிமிரவில்லை. பூங்கொத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவருக்கு மயக்கம் தெளிந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அங்கே பார்க்கவில்லை. உதடு காய்ந்திருந்தது, பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். ஏதோ முணுமுணுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வாரியத்துல இருந்து யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"முடிவு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்னவாம்?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் காலம்தான் எல்லாவற்றிலும் பெரியது, மற்றவர்கள் கிட்டேகூட வரமுடியாதாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் அந்த முதல் அமர்வில் பேசியபோது இருந்த முகம் கண்ணில் நின்றது. ஆனால் ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது.

"எடுத்துட்டாங்க."

அவர் கையால் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எதை?" என்றார்.

"ரெண்டையும்."